கூப்பிட்டுப் பழகிய பெயர்

நூல் நுனியை உதட்டில் நனைத்து, ஊசிக் கண்ணில் ஒரே குத்தில் கோத்துவிட்டுத்தான் கேட்பாள். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டாள். அவர் கொடுத்த சட்டையின் பையைப் பார்த்துக் கேட்பாள்.

"இந்தப் பேரு யாருங்க வச்சது?"

எல்லோரிடமும் கேட்பதில்லை. தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர் என்றால் வாய் திறக்காமல் தைத்துக் கொடுத்துவிடுவாள். காதுக்குப் புதிதாக ஒரு பெயர் விழ வேண்டும். ஆண்பிள்ளைப் பெயராகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த மெல்லிய குரல் வெளியே வரும். பெரிய சத்தத்தில் ஓடும் தையல் மெஷின்களுக்கு நடுவே அது காதில் விழ வேண்டுமானால், வந்தவர் குனிந்துதான் ஆக வேண்டும்.

தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கும் சாலையின் முனையில் இருக்கிறது அந்தக் கடை. வேலைச் சட்டைகள் தைக்கிற கடை. பெயரைப் பையின் மேல் நூலால் எழுதுவது மட்டும்தான் அவள் வேலை. சாக்கட்டியால் ஒரு கோடு இழுப்பாள். துணியை மர வளையத்தில் இறுக்கி ஊசிக்குக் கீழே வைப்பாள். பிறகு கை வளையத்தை ஓட்டும், கால் மெஷினை ஓட்டும், எழுத்து தானாக விழும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஓடும் நூலைக் கடைசியில் சின்னக் கத்தரியால் நறுக்கிவிடுவாள். பக்கத்து மெஷினில் பட்டனுக்குக் காஜா எடுக்கும் பெரியவர் இருக்கிறார். அவரைக் கடையில் எல்லோரும் காஜா என்றே கூப்பிடுகிறார்கள். இவளைப் பேரக்கா என்கிறார்கள்.

பெயர் வைத்தது யார் என்று கேட்டால் ஆண்களுக்கு முகம் மாறிவிடும் என்பது அவள் கண்டுபிடித்தது. சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் முறைப்பார்கள், வயதைக் கேட்டால் சிரிப்பார்கள். பெயரைக் கேட்டால் மட்டும் யாராக இருந்தாலும் கொஞ்சம் பிள்ளையாகிவிடுகிறார்கள்.

சரக்கு வண்டி ஓட்டுகிற ஒருவர், ஆள் மலை மாதிரி. பெயர் ஓரி. பழைய காலத்து வள்ளல் ஒருவரின் பெயராம். அதோடு, தேன் நன்றாக முதிர்ந்தால் ஒரு நீல நிறம் வருமே, அதற்கும் அந்தச் சொல்தான் என்று பெருமையாகச் சொன்னார். காஜா மெஷினை நிறுத்தாமலே, தன் மைத்துனரிடம் ஒரு தடிமனான அகராதி இருப்பதாகவும், அதில் ஓரி என்றால் கிழட்டு ஆண் நரி என்றும் போட்டிருப்பதாகவும் சொன்னார். வண்டிக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இருக்கட்டும் பெரியவரே. தேனு வீட்டுக்கு, நரி கம்பெனிக்கு" என்றுவிட்டுப் போனார்.

ஆதன் என்று ஒரு மின்வேலைக்காரர் வந்தார். அர்த்தம் கேட்டதும் தலையைச் சொறிந்தார். பழைய அரசர்கள் வைத்துக்கொண்ட பெயர் என்றுதான் அப்பா வைத்தாராம். அகராதியில் ஓர் இடத்தில் உயிர் என்றிருக்கிறது, அதற்குக் கீழேயே அறிவில்லாதவன் என்றும் இருக்கிறது. "வீட்டுக்காரிக்கு ரெண்டாவது மட்டும்தாங்க மனப்பாடம்." இன்னொருவர் பெயர் அனத்தோல். அவருடைய அப்பா கப்பலில் சமையல் செய்தவர். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரச் சிநேகிதர் ஒருவரின் பெயரைக் கொண்டுவந்து பிள்ளைக்கு வைத்துவிட்டார். சூரியன் உதிக்கிற திசை என்று அர்த்தமாம். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாமல், சின்னப் பையன்கள்கூட அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுகிறார்கள். "அதுவும் நல்லதுதாங்க. கேக்காமயே மரியாதை வருது."

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த கேள்வியைப் போடுவாள். அதற்கும் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

"உங்க கம்பெனியில இதைவிட விநோதமான பேரு யாருக்காவது இருக்குதுங்களா?"

உண்மையில் அவள் கேட்க வந்தது இதைத்தான். முதல் கேள்வி, கதவைத் திறக்க வைத்த சாவி. இரண்டாவது கேள்விக்கு என்றாவது ஒருநாள் யாராவது ஒருவர், "ஆமாங்க, எங்கூட ஒருத்தர் இருக்கார், எழினின்னு பேரு" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் தலைமுடி நரைக்கும் வரை பெயர் தைத்துக்கொண்டிருக்கிறாள். கடையில் இது யாருக்கும் தெரியாது. பேரக்காவுக்குப் பெயர்ப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எழினி அவளுடைய தம்பி.

அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம். போனவர்களின் பெயரைத்தான் பிறந்தவர்களுக்கு வைப்பார்கள். இருக்கிறவர் பெயரை வைத்தால் அவருடைய ஆயுளைப் பங்கு போட்டதாகிவிடும் என்று பயம். தம்பி பிறந்த சமயத்தில், போனவர்களின் பெயரையெல்லாம் அதற்கு முன்னால் பிறந்த பெரியப்பா பிள்ளைகள் எடுத்துத் தீர்த்திருந்தார்கள். அம்மாவோ பிரசவத்துக்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். புத்தகத்தைக் கட்டி மேலே போடும்போது, "உம் படிப்பை நிறுத்திட்டுத்தான் இவன் வந்திருக்கான், நீயே ஒரு பேரு வை" என்றாள் அம்மா. அந்த வாரம் பாடத்தில் பழைய காலத்து நாடக மேடையைப் பற்றிப் படித்திருந்தாள். மேடையில் தொங்கும் திரைக்கு எழினி என்று பெயர். அதுதான் அவள் கடைசியாகக் கற்றுக்கொண்ட சொல்.

பையன் பள்ளிக்கூடம் போனதும் பெயரால் அடி வாங்கிக்கொண்டு வந்தான். பொம்பளைப் பெயர் என்று மற்ற பையன்கள் கேலி செய்தார்கள். ஏன் இப்படி வைத்தாய் என்று அழுதவனிடம், அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். திரை தூக்கினால்தான் ஆட்டமே ஆரம்பிக்கும், நீ வந்த பிறகுதான் இந்த வீட்டில் எல்லாமே ஆரம்பிக்கப்போகிறது. அழுகை நின்றது. அதன் பிறகு யார் கேலி செய்தாலும் அவன் அந்த வசனத்தை எடுத்துவிடுவான்.

மீசை அரும்பிய வயதில் துறைமுகப் பக்கம் வேலை இருக்கிறது என்று போனான். வேலையில் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அம்மா போன பிறகு, இவர்கள் இருந்த வாடகைக் கட்டடத்தைச் சாலை போடுவதற்காக இடித்தார்கள். புது விலாசத்தை அவனுக்கு அனுப்பினார்கள், அது அவன் பழைய இடத்தை விட்ட பிறகு போயிருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு திசையில் சிதறிவிட்டார்கள். அவனைப் பற்றிய சேதி கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. அவன் தேடி வந்திருந்தாலும் கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. ஆனால் தேடி வந்தானா என்பதுதான் அவளை அரித்தது. ஒரு தடவையாவது வந்தானா, இல்லை, விட்டது தொல்லை என்று போனானா?

இவளும் வாய்விட்டுத் தேடத் தெரியாதவள். நாலு பேரிடம் போய், என் தம்பியைக் காணோம் என்று சொல்லப் போய், வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். பெயர் தைக்கும் வேலை கிடைத்தபோது, கூப்பிடாமலே ஊரிலுள்ள ஆண்கள் ஒவ்வொருவராக எதிரில் வந்து பெயரைச் சொல்கிறார்களே என்று இருந்தது. இதுவே கண்ணன், ராஜா என்று பெயர் வைத்திருந்தால் நாளுக்கு நாலு தடவை ஏமாந்திருப்பாள். யாருக்கும் இல்லாத பெயர். கேட்டால் அவன்தான்.

ஓய்வுபெற்ற பிறகு காவல் வேலைக்குப் போன தமிழாசிரியர் ஒருவர் ஒருமுறை சீருடையோடு வந்தார். எழினி என்று பெயர் உண்டா என்று அவரிடம் மட்டும் நேராகவே கேட்டுவிட்டாள். திரை என்றவர், அந்தக் காலத்தில் அந்தப் பெயரில் வீரமான குறுநில மன்னர்கள் இருந்தார்கள் என்றும் சொன்னார். அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. இது அப்போதே தெரிந்திருந்தால் ராஜா பெயர் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பிள்ளை அத்தனை அடி வாங்கியிருக்க மாட்டான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரம் முடிந்து இளைஞன் ஒருவன் வந்தான். புது வேலை, புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. அவள் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு பெயரைச் சொல்லச் சொன்னாள்.

"எழினிங்க."

சாக்கட்டி பையின் மேல் நின்றது. முதல்முறையாக ஒருவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இருபது தாண்டிய முகம். மூக்கிலோ நெற்றியிலோ தெரிந்த சாடை ஒன்றும் இல்லை.

"யாருங்க வச்சது?"

"அப்பாதாங்க. அவரு சிநேகிதர் பேரு."

அவ்வளவுதான் கேட்டாள். மெஷின் சரியில்லை, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சட்டையை மடித்து வைத்துக்கொண்டாள். அவன் போனதும் காஜா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நல்லாத்தானே ஓடுது, அதுக்கென்ன காய்ச்சலா?" அவள் குனிந்து அந்தப் பெயரைத் தைத்தாள். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

மறுநாள் அவன் வந்தபோது இன்னும் சரியாகவில்லை என்றாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. புது வேலைக்காரன், பெயர் இல்லாத வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு போய் மேலாளரிடம் பேச்சு வாங்குகிறான் என்பது தெரிந்தும் கொடுக்க மனம் வரவில்லை. கொடுத்துவிட்டால் போய்விடுவான். கொடுக்கும் முன் கேட்க வேண்டும். கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனவர் பெயரைத்தானே பிறந்தவருக்கு வைப்பார்கள்? சிநேகிதன் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார் என்றால், சிநேகிதன் இல்லை. கணக்கு முடிந்தது. தம்பி செத்து இந்தப் பையனுக்கு எத்தனை வயதோ அத்தனை வருடம் ஆகிறது. அது தெரியாமல் இவள் இத்தனை நாள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அவளுடைய கணவருக்குப் புரிந்துபோயிற்று. அவர் பேருந்து ஓட்டுநர். தம்பி விஷயம் தெரிந்த ஒரே ஆள். முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"உயிரோட இருக்கறவன் பேரை வைக்கக் கூடாதுங்கறது உங்க வீட்டு வழக்கம். அது என்ன ஊருக்கெல்லாம் சட்டமா? எங்க வீட்டுல மூணு பேருக்கு எங்க மாமா பேரு. அவரு இன்னும் எலும்பு கடிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு."

"கேட்டுட்டா தெரிஞ்சிடுமே."

"தெரியட்டும். இல்லைன்னா இல்லைன்னு அழுதுட்டுப் போ. இத்தனை வருஷமா நீ அழக்கூட இல்லை."

மறுநாள் இளைஞன் கொஞ்சம் கோபமாகவே வந்தான். சட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. பையைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சிநேகிதர் இப்போது இருக்கிறாரா என்று கேட்டாள். மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோது குரல் உடைந்தது. காஜா மெஷினை நிறுத்திவிட்டார்.

"எனக்குத் தெரியாதேங்க. அப்பாவையே கேளுங்களேன்" என்று அவன் போனை எடுத்துப் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து மேசை மேல் வைத்தான். பெயர் தைக்கிற அம்மா உன் சிநேகிதரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் கடை முழுக்க நிறைந்தது. சத்தமாகப் பேசிப் பேசியே பழகிய குரல்.

"எழினியா? எங்கூட மீன் கிடங்குல வேலை பார்த்தவம்மா. குளிர் ரூம்ல. உள்ள போனா பனி புகை மாதிரி நிக்கும், பக்கத்துல நிக்கறவன் தெரிய மாட்டான். குளிர்ல தூக்கம் வர்ற மாதிரி வரும் பாருங்க, அது வந்தா ஆளு காலி. அதனால ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வேலை செய்யணும். கூப்பிட்டா இருக்கேன்னு பதில் வரணும். நாளெல்லாம் அதுதான். எழினி. இருக்கேன். எழினி. இருக்கேன்."

அவள் உதடு அசைந்தது. அவளுக்குப் பதிலாகக் காஜாதான் கேட்டார், அந்த ஆள் இப்போது எங்கே என்று.

"கப்பல்ல வேலை கிடைச்சிருக்குன்னு போனான். நல்லாத்தான் போனான். அப்புறம் தகவல் இல்லை. அவன் இடத்துக்கு வேற ஆளைப் போட்டாங்க. நான் அந்தாளையும் எழினின்னே கூப்பிடுவேன். அவனுக்குக் கோவம்னா கோவம். வாய் பழகிப்போச்சு, என்ன செய்ய? அப்பத்தான் இவன் பொறந்தான். உன் வாய்க்கு இனி வேற பேரு வராதுன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா. அதையே வச்சிட்டோம்." பெரிதாகச் சிரித்தார். பிறகுதான் நினைவு வந்தது போலக் கேட்டார். "ஆமா, நீங்க ஏம்மா இதெல்லாம் கேக்கறீங்க?"

கடையில் ஒரு மெஷினும் ஓடவில்லை.

"அந்தப் பேரு நான் வச்சதுங்க" என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோனது. தொடர்பு போய்விட்டதோ என்று இளைஞன் போனைத் தொடப் போனான்.

"திரை தூக்கினாத்தான் ஆட்டம்னு சொன்ன அக்காவா?"

"ஆமாங்க."

"அக்கா." அந்தக் குரல் இப்போது தணிந்திருந்தது. "அவன் உங்களைத் தேடி வந்தான்க்கா. லீவு போட்டுட்டு, உங்களுக்குன்னு ஒரு போர்வை வாங்கிக்கிட்டு வந்தான். திரும்பி வந்து, வீடு இருந்த இடத்துல பஸ் போகுதுடான்னு சொன்னான். அதுக்கப்புறம் கொஞ்ச நாளு, குளிர் ரூம் உள்ள எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டான். நான் பயந்துபோய் அவன் கையைப் புடிச்சிக்கிட்டே வேலை பார்த்தேன்."

வந்திருக்கிறான். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாருக்கும் முன்னால் அழுது அறியாதவள், நல்ல பகலில், கதவு திறந்திருக்கும் கடையில், இளைஞனின் புதுச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றான். போனில் அவன் அப்பா, அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வாய்க்கு வாய் கிண்டல் பேசும் காஜா எழுந்து போய் எல்லோருக்கும் தேநீர் சொல்லிவிட்டு வந்தார்.

தம்பி இன்னும் கிடைக்கவில்லை. இளைஞனின் அப்பா பழைய ஆட்களையெல்லாம் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டார். கப்பல் எது என்றுகூட யாருக்கும் நினைவில்லை. இருக்கிறான் என்பதற்கும் சாட்சி இல்லை, இல்லை என்பதற்கும் சாட்சி இல்லை. பேரக்கா இப்போது சுற்றி வளைத்துக் கேட்பதில்லை. பெயர் தைக்க வருகிறவர்களிடம், எழினி என்று என் தம்பி ஒருவன், எங்கேயாவது கேள்விப்பட்டீர்களா என்று நேராகவே கேட்கிறாள்.

இளைஞன் வேலை முடிந்து போகும் வழியில் அவ்வப்போது கடைக்கு வருகிறான். அத்தை என்று கூப்பிடுகிறான். அவன் அப்பா அக்கா என்ற பிறகு அவனுக்கு அதுதானே முறை. காஜாவோடு வம்பளந்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவான். அவன் தெருமுனை வரை போனதும் அவள் எழுந்து வாசலுக்கு வருகிறாள். மெஷின் சத்தத்துக்கு மேலே, சாலையின் லாரிச் சத்தத்துக்கும் மேலே, "எழினீ" என்று கூப்பிடுகிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான். சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. பார்த்துப் போ என்று கையை அசைக்கிறாள்.